ஆறாத புண்ணும் பனிக்குடச் சவ்வும்: திசு வங்கி எதற்கு உதவும், எதற்கு உதவாது

வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருந்து, பிரசவத்தின்போது கழிவாகப் போகும் பனிக்குடச் சவ்வை இனிப்பு நீர்ப் புண்ணின் மேல் ஒட்டினால் காலை வெட்டாமல் தப்பிக்கலாம் என்ற செய்தி வாட்சாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பின்னாலேயே கேள்விகளும் வருகின்றன. யாருடைய சவ்வு அது? இன்னொருவர் உடலிலிருந்து எடுத்ததை ஒட்டினால் நோய் தொற்றாதா? செத்தவர் தோலையும் இப்படித்தான் விற்கிறார்களா? இது ஸ்டெம் செல் சிகிச்சையா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இதை வெறும் வம்புப் பேச்சு என்று தள்ள முடியாது. விரல் எடுத்தவர், பாதம் எடுத்தவர் என்று ஒருவரையாவது அறியாத குடும்பம் இங்கே குறைவு. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனாலும் ஏற்கெனவே பத்து, இருபது வருடமாக இனிப்பு நீரோடு இருப்பவர்களின் கால்களுக்கு அந்த இறக்கத்தால் பயன் ஒன்றும் இல்லை.

சவ்வு வேலை செய்கிறதா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: சில புண்களில், சில நிபந்தனைகளோடு, ஆம். அந்த நிபந்தனைகளைத்தான் விளம்பரங்கள் விட்டுவிடுகின்றன.

ஆறும் புண், ஆறாத புண்

தோல் கிழிந்தால் உடல் நான்கு வேலைகளை வரிசையாகச் செய்கிறது. முதலில் ரத்தம் உறையும். அடுத்து வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த சதையையும் அப்புறப்படுத்தும். புண் சிவந்து, வீங்கி, வலிப்பது இந்தக் கட்டத்தில்தான். அப்புறம் புதுச் சதையும் புது ரத்தக் குழாய்களும் முளைத்து, ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடும். கடைசியாகத் தழும்பு மாதக்கணக்கில் இறுகும்.

நாட்பட்ட புண் இரண்டாவது கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. வெள்ளை அணுக்கள் வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை சுரக்கும், புரதத்தை அரிக்கும் நொதிகள் செத்த சதையோடு நிற்பதில்லை. புதுச் சதை முளைக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்தே சிதைத்துவிடுகின்றன. இது போதாதென்று, கிருமிகள் புண்ணின் மேல் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உள்ளே குடியிருக்கும். ஆன்டிபயாடிக் அந்தப் படலத்துக்குள் சரியாக ஊடுருவாது.

ஒரு பாதப்புண் இந்த நிலைக்குப் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. முறையான சிகிச்சை தொடங்கி 4 வாரத்தில் அதன் பரப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் 12 வாரத்தில் மூடும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. புண்ணின் மேல் ஒளிபுகும் தாளை வைத்து, பேனாவால் ஓரம் வரைந்து, தேதி போட்டு வைக்கும் தாதி இந்தக் கணக்குக்காகத்தான் அப்படிச் செய்கிறார். அளவு எடுக்காமல் கட்டு மட்டும் மாற்றிவிடும் இடத்தில், புண் ஆறுகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

கால் ஏன் முதலில் போகிறது

செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை சுமக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இனிப்பு நீர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. காலையில் பூட்ஸை உதறிப் பார்க்காமல் மாட்டிக்கொள்கிறார். உள்ளே செம்பனை மட்டையின் முள் ஒன்று கிடக்கிறது. மற்றவராக இருந்தால் இரண்டாவது அடியிலேயே “ஐயோ” என்று காலை உதறுவார். இவருக்கு எதுவும் தெரியவில்லை. மாலை பூட்ஸைக் கழற்றும்போது காலுறை நனைந்திருக்கிறது. ரத்தம் என்பதே அப்போதுதான் தெரிகிறது.

நீண்டகாலம் உயர்ந்திருந்த சர்க்கரை நரம்பு நுனிகளைச் சாகடித்துவிட்டதால் வலி தெரியவில்லை. தைப்பூசத்தன்று கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று கிளினிக்குகளில் உண்டு. அதைப் பாதத்தில் சில இடங்களில் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

வலி இல்லாததால் அவர் மறுநாளும் அதே காலில் நடக்கிறார். காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அடைபட்டிருந்தால் புண்ணுக்குச் சத்தும் வராது, மருந்தும் வராது. இனிப்பு நீர்க்காரர்களின் கால் வெட்டு அறுவைகளில் பெரும்பாலானவை, ஏறக்குறைய 85 விழுக்காடு, இப்படிப்பட்ட ஒரு புண்ணில்தான் தொடங்குகின்றன.

சவ்வுக்கு முன்னால் நான்கு வேலைகள்

இவை முடியாமல் எந்தச் சவ்வை ஒட்டினாலும் காசு கரியாகும்.

1. ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கலாம். இனிப்பு நீர்க்காரர்களிடம் இந்த எண் சில சமயம் பொய் சொல்லும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிட்டால், ரத்தம் போகாத காலிலும் எண் உயர்ந்தே காட்டும். சந்தேகம் இருந்தால் கால்விரலின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அடைப்பு உறுதியானால் முதலில் போக வேண்டிய இடம் ரத்தக்குழாய் நிபுணர்.

2. செத்த சதையையும் புண்ணைச் சுற்றிய தடித்த தோலையும் கத்தியால் எடுப்பது. கத்தி வைக்க முடியாதவர்களுக்குப் புழு வைத்தியமும் உண்டு. மலேசியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் லூசிலியா குப்ரினா என்ற ஈயின் புழுக்களைக் கிருமி நீக்கி இதற்காக வளர்த்தது. அவை செத்த சதையைத்தான் தின்னும். கேட்க அருவருப்பாக இருக்கலாம், ஆனால் வேலை சுத்தம்.

3. கிருமித் தொற்றைக் கட்டுப்படுத்துவது. புண்ணுக்குள் விடும் மழுங்கிய உலோகக் கம்பி எலும்பில் ‘டக்’கென்று இடித்தால் எலும்புவரை தொற்று போயிருக்க வாய்ப்பு அதிகம். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தருவதால் லாபமில்லை.

4. பாரத்தை இறக்குவது. அதிகப் பலன் தருவது இது. அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான்.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கால் புண்ணின் மேல் உடல் எடை விழுந்துகொண்டே இருந்தால் முளைக்கும் சதை ஒவ்வொரு அடியிலும் நசுங்கும். அதனால் முழங்காலுக்குக் கீழே பாதம் முழுதையும் அணைத்துப் போடும் மாவுக்கட்டு, அல்லது கழற்ற முடியாதபடி பூட்டிய நடைக்காலணி, உலகளவில் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கழற்ற முடியாதபடி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கழற்ற முடிந்தால் மனிதர் கழற்றிவிட்டுச் சிலிப்பரோடு சந்தைக்குப் போய்விடுவார்.

ஆனால் மாவுக்கட்டோடு குலை சுமக்க முடியாது. எடைக்கும் குலைக்கும் கூலி வாங்குபவரிடம் “மூன்று மாதம் காலை ஊன்றாதீர்கள்” என்று சொன்னால், மூன்று மாத வருமானத்தை விடச் சொல்கிறோம் என்று பொருள். சவ்வு விற்பவர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். வேலைக்குப் போய்க்கொண்டே ஆற்றலாம் என்று சொல்லும் பொருளுக்கு, வீட்டில் உட்காரச் சொல்லும் மருத்துவரைவிட வரவேற்பு அதிகம் இருக்காதா? வேலையிடத்தில் முள் குத்தி, பூட்ஸ் கடித்து வந்த புண் என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் தற்காலிக இயலாமை உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். மருத்துவ விடுப்பு குறைந்தது 4 நாள் இருக்க வேண்டும். கிடைப்பது கணக்கிடப்பட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. முள் குத்திய அன்றே மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லிப் பதிவு செய்யாவிட்டால், பிறகு அது வேலையிடக் காயம் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

வீட்டு வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. புண்ணைக் காற்றாட விட்டுக் காய வைப்பதும், தோட்டத்து டிரெஸர் காலத்து மஞ்சள் மருந்தைப் பூசி உலர விடுவதும் இன்னும் நடக்கின்றன. ஈரமாக மூடி வைத்த காயத்தில் தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மூடுகிறது என்று ஜார்ஜ் வின்டர் 1962லேயே பன்றிகளை வைத்துக் காட்டிவிட்டார். தேனும் இனிப்பு நீர்ப் பாதப்புண்ணை ஆற்றுவதற்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

திசு வங்கிக்குள் என்ன நடக்கிறது

திசு வங்கி என்பது மனிதத் திசுவைத் தானமாகப் பெற்று, சோதித்து, பதப்படுத்தி, பாதுகாத்து, மருத்துவமனைகளுக்குத் தரும் இடம். எலும்பு, தோல், பனிக்குடச் சவ்வு, தசைநாண், கருவிழி என்று ஒவ்வொன்றுக்கும் தனி முறை உண்டு. இன்றைய வடிவத்தில் இதற்கு முன்னோடி, 1949இல் அமெரிக்கக் கடற்படை மேரிலாந்தில் தொடங்கிய வங்கி. மலேசியாவில் 1990களின் தொடக்கத்தில் கிளந்தான் குபாங் கெரியானில், அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் ஒன்று உருவானது. அனைத்துலக அணுசக்தி முகமை ஆசிய பசிபிக் நாடுகளில் நடத்திய திசு வங்கித் திட்டம் இதற்குத் துணை நின்றது.

அணுசக்திக்கும் சவ்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சவ்வு நோயாளியிடம் வரும் பாதையைப் பார்த்தால் விளங்கும்.

1. முன்கூட்டியே தேதி குறித்த சிசேரியன் பிரசவத்துக்கு வரும் தாயிடம் எழுத்துமூல ஒப்புதல் வாங்குவார்கள். இயல்பான பிரசவத்தில் சவ்வு பிறப்புவழிக் கிருமிகளைத் தொட்டு வருவதால் சிசேரியனே வசதி.

2. தாயின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குச் சோதனை நடக்கும். தொற்று புதிதாக இருந்தால் முதல் சோதனையில் அகப்படாமல் போகலாம் என்பதால், சவ்வை நிறுத்திவைத்து 6 மாதம் கழித்து மறுபடி சோதிப்பது பழைய நல்ல வழக்கம். கிருமியின் மரபுப் பொருளையே தேடும் புதிய சோதனைகள் அந்தக் காத்திருப்பைக் குறைத்துள்ளன.

3. நஞ்சுக்கொடியிலிருந்து சவ்வை விரலால் மெல்லப் பிரித்து, ரத்தம் போகக் கழுவி, துணிவலையில் விரித்து உலர்த்தி, துண்டாக வெட்டி, இரட்டை உறையில் அடைப்பார்கள். ஈர வெங்காயத் தோல் போல ஒளி ஊடுருவும் மெல்லிய பொருள் அது.

4. அடைத்த பொட்டலத்தைக் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் காமா கதிரில் வைப்பார்கள். வழக்கமான அளவு 25 கிலோகிரே, அதாவது 25,000 கிரே; வாங்கும் கதிரை அளக்கும் அலகு கிரே. ஒரு மனிதரின் உடல் முழுதும் 5 கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து; இது அதைப்போல ஐயாயிரம் மடங்கு. கிருமி பிழைக்காது. காமா கதிர் பட்ட பொருள் கதிரியக்கமாக மாறுவதும் இல்லை, ஆகவே ஒட்டிக்கொள்பவருக்கு அந்தப் பயம் வேண்டாம். சிலாங்கூரின் பாங்கி ஊரில் உள்ள மலேசிய அணுசக்தி முகமையிடம் இத்தகைய காமா ஆலை இருக்கிறது.

5. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். எந்தத் தாய், எந்தச் சோதனை, எந்த நோயாளி என்று இரண்டு திசையிலும் தேடிப் பிடிக்க அந்த எண் உதவ வேண்டும்.

ஐந்தாவது வேலை வெறும் எழுத்துவேலை போலத் தோன்றும். அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2005இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இயங்கிய ஒரு நிறுவனம், ஈமச்சடங்கு நிலையங்களில் கிடந்த உடல்களிலிருந்து குடும்பத்துக்குத் தெரியாமல் எலும்பையும் திசுவையும் எடுத்து, வயதையும் சாவின் காரணத்தையும் மாற்றி எழுதி விற்றது அம்பலமானது. பிபிசி ஒலிபரப்பாளர் ஆலிஸ்டர் குக், 95 வயதில் புற்றுநோயால் இறந்தவர், அதில் ஒருவர். அடுத்தது 2021: ஒரே கொடையாளியிடமிருந்து எடுத்த எலும்புப் பொருளில் காசநோய்க் கிருமி இருந்தது, அது வைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அதில் உயிருள்ள அணுக்களைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் காமா கதிர் கொடுக்க முடியாது. எண்கள் சரியாக இருந்ததால்தான் யார் யாருக்குப் போனது என்று அன்று பிடிக்க முடிந்தது.

“உயிருள்ள அணு” என்று விளம்பரம் பெருமையாகச் சொல்லும்போது, அந்தப் பொருள் இந்தக் கடைசிக் கிருமிநீக்கத்தைத் தாண்டி வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எது எது, எதற்கு

பனிக்குடச் சவ்வில் ரத்தக் குழாய் இல்லை, ஒவ்வாமையைத் தூண்டுவது மிகக் குறைவு. அதிலுள்ள பொருள்கள் முன்பு சொன்ன அரிக்கும் நொதிகளைக் கட்டுப்படுத்தி, வளர்ச்சிக் காரணிகளையும் கொஞ்சம் தருகின்றன. உலர்த்தி, கதிரூட்டிய சவ்வில் உயிர் கிடையாது. ஆகவே அது உயிருள்ள மூல அணுக்களைக் கொண்டு செய்யும் ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல. அது ஒட்டி வளர்வதும் இல்லை. சில நாளில் கரைந்துவிடும், தேவைப்பட்டால் மறுபடி வைப்பார்கள். புதுக் கண்டுபிடிப்பும் அல்ல: 1910லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிஸ் என்ற அறுவை மருத்துவர் தோலுக்குப் பதிலாகக் கருச்சவ்வை முயன்றார்.

இறந்தவர் தோல் பெரும்பாலும் கடுமையான தீக்காயத்துக்குத்தான். அது தற்காலிக மூடி. சில வாரத்தில் உடல் அதைத் தள்ளிவிடும். ஆய்வகத்தில் வளர்க்கும் தோல் மூன்றாவது வகை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் செராசில் உருவாக்கிய மைடெர்ம், நோயாளியின் சொந்தத் தோல் அணுக்களையே வளர்த்துத் தயாரிப்பது. சொந்த அணு என்பதால் உடல் தள்ளாது, ஆனால் வளர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தனியார் தொப்புள்கொடி ரத்த வங்கி முற்றிலும் வேறு. அது ஒரு குடும்பத்துக்கென்று பணம் வாங்கி எதிர்காலத்துக்காகச் சேமிப்பது. 2023 நவம்பரில் சிங்கப்பூரில் அப்படி ஒரு வங்கியின் 22 குளிர்க்கலன்களில் 7இல் வெப்பநிலை எல்லை மீறியது வெளியானது. அதைப் படித்துவிட்டுப் புண்ணுக்கான சவ்வைச் சந்தேகிப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கலக்கிறார்கள். உலர்த்திக் கதிரூட்டிய சவ்வுக்கு அத்தகைய குளிர்க்கலன் தேவையே இல்லை.

ஆய்வு சொல்வதும் சந்தை செய்வதும்

இனிப்பு நீர்ப் பாதத்துக்கான அனைத்துலகப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, நஞ்சுக்கொடியிலிருந்தும் அதன் சவ்விலிருந்தும் செய்த பொருள்களைப் பரிசீலிக்கலாம் என்கிறது. வழக்கமான சிகிச்சை மட்டும் புண்ணைச் சுருக்காதபோது, அந்தச் சிகிச்சையோடு சேர்த்து, என்ற நிபந்தனையோடு. பரிந்துரையின் பலம் குறைவு என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. சோதனைகளில் சவ்வு வைத்த புண்கள் வேகமாக மூடியது உண்மை. அவற்றில் பலவற்றுக்குப் பணம் தந்தவர்கள் தயாரிப்பாளர்கள் என்பதும் உண்மை.

பணம் புகுந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்கா காட்டிவிட்டது. அங்குள்ள மூத்த குடிமக்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர், இத்தகைய தோல் மாற்றுப் பொருள்களுக்கு 2019இல் செலவிட்டது சுமார் 25 கோடி டாலர். 2024இல் அது 1,000 கோடி டாலரைத் தாண்டியது. ஐந்து வருடத்தில் புண்கள் நாற்பது மடங்கு பெருகவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை கேட்க முடிந்ததால் விலை ஏறியது, தேவையில்லாதவர்களுக்கும் ஒட்டினார்கள். 2026 முதல் பெரும்பாலான பொருள்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 127 டாலர் என்று ஒரே விலை வைத்துவிட்டார்கள்.

சட்டம்

மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் இறந்தவரின் உடலிலிருந்து திசு எடுப்பதைப் பற்றியது. இறந்தவர் முன்பே எழுதிக் கொடுத்திருக்கலாம், அல்லது கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன் வாயால் சொல்லியிருக்கலாம். உயிரோடு இருக்கும் தாய் தரும் நஞ்சுக்கொடியைப் பற்றி அது பேசுவதில்லை. நஞ்சுக்கொடியைப் புதைப்பது வழக்கம் என்று நினைக்கும் குடும்பத்தார் மறுத்துவிடலாம்; மறுத்ததற்காகப் பிரசவ சிகிச்சையில் குறை வைக்க முடியாது.

சவ்வு வைக்கலாம் என்று யாராவது சொன்னால்

அரசு சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குக் கட்டு மாற்ற முடிகிற நாட்டில், பெரிய தொகை கேட்கும் இடத்தில் நாமும் கேட்க வேண்டியவை உண்டு.

1. என் காலின் ரத்த ஓட்டத்தை அளந்தீர்களா, எண் என்ன?
2. கடந்த 4 வாரத்தில் புண் எவ்வளவு சுருங்கியது? எழுதி வைத்த அளவு இருக்கிறதா?
3. பாரத்தை இறக்க என்ன போடப் போகிறீர்கள்?
4. சவ்வு எந்த வங்கியிலிருந்து வருகிறது, பொட்டலத்தில் எண் இருக்கிறதா, அந்த எண்ணை என் கார்டில் எழுதித் தருவீர்களா?

முதல் மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் நான்காவதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றுக்கும் பதில் இருந்து, புண் மட்டும் சுருங்கவில்லை என்றால், ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பாதம் கறுத்தால், நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால், அல்லது சிவப்பு மேலே ஏறினால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.